போட்ட காசும் பட்ட கடனும்

2025 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "நீ எம்மே வரைக்கும் படிச்சவன். இவன் படிப்புக்கு எவ்ளோ ஆவும், படிச்சி முடிச்சா எவ்ளோ வரும், கட்டுமா கட்டாதான்னு இதுல போட்டுச் சொல்லு" என்றாள். கூடவே அவள் மகன். பன்னிரண்டாவது முடித்தவன். பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, தனக்கும் அந்த நோட்டுக்கும் சம்பந்தமில்லை என்பது போல வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தமிழ் எம்.ஏ. படித்தவனிடம் இன்ஜினியரிங் படிப்புக்கு வரவு செலவு கேட்பது வேடிக்கைதான். ஆனால் எங்கள் காலனியில் மனு எழுதணும், சாதிச் சான்று வாங்கணும், ஸ்டேஷனுக்குப் போகணும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் இதுவும் ஒன்று என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். ஒரு மாதம் ஆகியும் அந்தக் கணக்கை முடிக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன்.

அவன் கேட்பது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். தமிழில் தொழிலகப் பொறியியல் என்கிறார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது, கட்டணமும் குறைவு. அங்கே கிடைக்கிற அளவுக்கு இவனுக்கு கட்-ஆஃப் இல்லை. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் இன்ஜினியரிங்குக்கும் இருக்கிறது, செலவை அரசே ஏற்கும். இவன் படித்தது உதவி பெறும் மிஷன் பள்ளி, அதனால் அதுவும் இல்லை. ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் இண்டஸ்ட்ரியல் சீட் இருக்கிறது என்று ஒரு ஏஜெண்ட் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கவுன்சிலிங்கில் போனால் வேறு ஏதாவது பிரிவு கிடைக்கும். கேட்டது கிடைக்காது.

இந்த ஏஜெண்ட் வகையறாவை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பாபாசாகேப் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல், தொடங்கியது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. தமிழ்நாட்டில் 2012 செப்டம்பரில் வந்த 92ஆம் எண் அரசாணை, தனியார் கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசே தரும் என்றது. அதற்கப்புறம் ஐந்து வருஷம் காலனிக்குள் கார் வராத ஜூன் மாதம் கிடையாது. "எஸ்.சி.க்கு எல்லாம் ஃப்ரீ சார், சர்டிபிகேட்ட மட்டும் குடுங்க" என்பார்கள். சேரி மண்ணை மிதிக்காதவர்களெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். 2017இல் மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு உதவித்தொகை கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். கார் குறைந்தது. அந்த 'ஃப்ரீ' என்ற வார்த்தை மட்டும் போகவில்லை. அக்காவிடமும் அந்த ஆள் அதைத்தான் சொல்லியிருக்கிறார், "லோன் போட்டுத் தரோம், நீங்க கையிலேர்ந்து எதுவும் போட வேணாம்" என்று. கடனுக்கு இன்னொரு பெயர் ஃப்ரீ.

சரி, கணக்குக்கு வருவோம். 2017இல் கட்டணக் குழு மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு வைத்த தொகை 87,000 வரை. ஹாஸ்டல், சாப்பாடு, பரீட்சைக் கட்டணம், புத்தகம் சேர்த்து வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் என்று வைத்தேன். பேங்கில் வருஷம் ஒரு லட்சம் கடன். நாலு லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. வட்டி பத்து சதவீதம் என்று வைப்போம். படிக்கிற நாலு வருஷமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடும். முதல் வருஷம் வாங்கிய லட்சத்துக்கு 50,000, அடுத்ததற்கு 40,000, அப்புறம் 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. ஆக முதல் தவணை கட்டப் போகிற அன்று நாலு லட்சம் 5,40,000 ஆகி நிற்கும். பத்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாதம் 7,136 ரூபாய். மொத்தம் எட்டரை லட்சத்துக்கும் மேல். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அந்த முதல் ஐந்து வருஷ வட்டியை மத்திய அரசு கட்டும் என்று 2009இலிருந்து ஒரு திட்டம் உண்டு. பேங்கில் விசாரித்தேன். மேனேஜ்மெண்ட் சீட் என்றதும், "அத நம்பி எறங்காதீங்க" என்றார்கள்.

வரவுப் பக்கம்? இந்த மாதிரிக் கல்லூரியில் படித்து வருகிற பையன்களைக் கேட்டேன். முதல் சம்பளம் கையில் 16,000 என்று வைக்கச் சொன்னார்கள். நாலு பேரோடு ஒரு ரூம், மூன்று வேளை சாப்பாடு, பஸ், இதற்கு 9,000. மிச்சம் 7,000. தவணை 7,136. மாதம் 136 ரூபாய் துண்டு விழுகிறது.

136 ரூபாய்தானே, ஒரு வேளை பிரியாணியை விட்டால் சரியாகிவிடும் என்று அக்கா மகன் சொன்னான். அவன் சொன்னதும் சரிதான். சம்பளம் ஏறாதா என்ன? ஐந்தாறு வருஷத்தில் முப்பதாயிரம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நோட்டில் போட்டால் கட்டும் போலத்தான் தெரிந்தது. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

இதை ஒரு கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது தோழர் ஒருவரிடம் சொன்னேன். கோபப்பட்டார். கல்வியை லாப நஷ்டக் கணக்குப் போட்டுப் பார்ப்பது முதலாளிய புத்தி, அறிவுக்கு விலை வைக்கலாமா, பாபாசாகேப் இப்படியா கணக்குப் பார்த்துப் படித்தார் என்றார். அவருக்கு அப்பா வாத்தியார், அம்மா நர்ஸ் என்பது வேறு விஷயம். அவர் பாபாசாகேப்பைச் சொன்னதால் பாபாசாகேப்பிலிருந்தே பேசலாம்.

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில்தான் அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். சும்மா கொடுத்த பணமில்லை. படித்து முடித்துப் பத்து வருஷம் பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். 1917இல் சொன்ன சொல் தவறாமல் வேலைக்கு வந்து சேர்ந்தார். படிப்பு இருந்தது, பதவி இருந்தது, சம்பளம் இருந்தது. தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சி பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியெடுத்துக்கொண்டு வந்து வெளியேறச் சொன்னார்கள். தெரிந்தவர்கள் வீட்டிலும் இடமில்லை என்று ஆன பிறகு, ரயில் நேரம் வரும்வரை பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்து பம்பாய்க்குத் திரும்பினார். அந்தப் பத்து வருஷக் கடனை அவர் அடைக்காமல் போனதற்குப் படிப்பில் என்ன குறை? எந்த வரவு செலவு நோட்டில் அந்தத் தடியை எழுதுவது?

பாதியில் விட்டுவந்த லண்டன் படிப்புக்கு 1920இல் மறுபடி போனார். பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து மிச்சம் பிடித்த பணம், கோலாப்பூர் ஷாகு மகராஜ் செய்த உதவி, நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடன் ஐயாயிரம். ரூபாயின் பிரச்சினையைப் பற்றியே ஆராய்ச்சி எழுதிய மனிதர் அவர். காசைக் கணக்குப் பார்க்கத் தெரியாதவரில்லை. அவரைப் படத்தில் போட்டு மாலை சாத்திவிட்டு, கணக்குப் பார்க்காதே என்று ஏழையிடம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கணக்குப் பார்க்காமல் இருப்பதற்கும் கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லணும். கணக்கு என்பது நமக்கு எப்போதும் வேறொருத்தன் எழுதியதாகத்தான் இருந்திருக்கிறது. 1980இல் தமிழ்நாட்டில் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழிக்கும் வரை ஊர்க் கணக்கு யார் கையில் இருந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் தாத்தா படியாள். படி அளந்து கூலி வாங்குகிறவன் என்பதால் படியாள். 1940களின் கடைசியில் தன் கல்யாணத்துக்கு ஆண்டையிடம் அறுபது ரூபாயும் ரெண்டு கலம் நெல்லும் கடன் வாங்கினார். அந்தக் கடனுக்கு வட்டி அவருடைய உழைப்பு. எவ்வளவு உழைத்தாலும் அது வட்டிக்குத்தான் போகும், அசல் அப்படியே நிற்கும். "ஆண்ட வூட்ல ரெண்டு மரக்கா இருக்கும்டா, வாங்குறதுக்கு ஒன்னு, குடுக்குறதுக்கு ஒன்னு" என்று ஆயா சொல்லும். தாத்தாவோடு போகவில்லை கடன். அப்பா பத்து வயசில் மாடு மேய்க்கப் போனது அந்த அறுபது ரூபாய்க்குத்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. எங்கள் ஊருக்கு அது தெரிய இன்னும் கொஞ்ச காலம் ஆனது. இவ்வளவிலும் அந்தக் குடும்பம் எங்கள் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் தரவேண்டிய கூலி எவ்வளவு என்று ஒரு நோட்டு எங்காவது இருக்கிறதா? கடன் எழுதப்பட்டது. உழைப்பு எழுதப்படவில்லை.

பேங்கும் ஆண்டையும் ஒன்றுதான் என்று மேடையில் நானே பேசியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அது தப்பு என்று தெரிந்தது. தாத்தாவின் கடன் அவரை ஊரை விட்டு நகரவிடாமல் கட்டிப் போட்டது. இந்தக் கடன் ஊரை விட்டு வெளியே அனுப்புகிறது. இதற்குத் தேதி இருக்கிறது, ரசீது இருக்கிறது, மேனேஜரிடம் குரலை உயர்த்திக் கேள்வி கேட்கலாம். இதையெல்லாம் ஒன்றுமில்லை என்று சொன்னால் தாத்தா சிரிப்பார்.

ஆனால் ஒரு இடத்தில் ரெண்டும் தொடுகிறது. நாலு லட்சத்துக்கு மேல் போனால் பேங்கில் ஈடு பற்றிப் பேச்சு வரும். ஏழரை லட்சம் வரைக்கும் ஈடில்லாமல் தரலாம், பையன் கட்டாமல் போனால் நஷ்டத்தில் 75 சதவீதத்துக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதி பொறுப்பு என்று 2015இல் கொண்டுவந்தார்கள். இருந்தாலும் கிளையில் உட்கார்ந்திருப்பவர் "நெலம் கிலம் எதுனா இருக்குதா?" என்றுதான் ஆரம்பிக்கிறார். நிலம்! 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதற்கு அப்புறம்தான் பஞ்சமி நிலம் என்று ஒன்று கொடுக்கப்பட்டது. அந்த நிலங்களை மீட்கப் போய்த்தான் 1994இல் காரணைப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது, இரண்டு உயிர் போனது. எங்கள் ஊர் பஞ்சமி நிலத்தில் இன்றைக்கு யாருடைய சவுக்குத் தோப்பு இருக்கிறது என்பது அந்த பேங்க்காரருக்கும் தெரியும். ஈடு வைக்க முடியாதவனாக நம்மை ஆக்கியது எது என்பதை விட்டுவிட்டு, ஈடு இல்லாதவன் என்று மட்டும் படிவத்தில் எழுதுகிறார்கள்.

அந்த 75 சதவீதத்தை மறுபடி பாருங்கள். கடன் கொடுத்தவன் விழுந்தால் தாங்க அரசாங்கம் கை நீட்டியிருக்கிறது. வாங்கியவன் விழுந்தால்? என் சித்தப்பா மகன் 2010இல் மெக்கானிக்கல் சேர்ந்தான். ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் கடன். படிப்பில் சோடையில்லை. நேர்காணலுக்குப் போகிற இடத்தில் எந்த ஊர் என்பார்கள், சொல்வான். ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். தெருப் பெயரைச் சொல்வான். "காலனியா?" என்பார்கள். (காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். கேட்கிற வாயிலிருந்து நீக்குவதற்கு எந்தச் சட்டமன்றம்?) சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வு நம்மில் பலர் மேற்கோள் காட்டுவதுதான். ஒரே தகுதியோடு விண்ணப்பங்கள், பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு வந்தது. அப்படியானால் கல்லூரி வாசலில் பிளெக்ஸ் அடித்துப் போடுகிற சராசரிச் சம்பளம் யாருடைய சராசரி? நான் நோட்டில் எழுதிய 16,000 யாருடைய 16,000?

சித்தப்பா மகன் எட்டு மாதம் தவணை கட்டினான், ஒப்பந்த வேலை போனது, நின்றுவிட்டது. கிளையின் அறிவிப்புப் பலகையில் அவன் படம் ஒட்டப்பட்டது. அதைச் சித்தி பார்த்தது முதியோர் பென்ஷன் வாங்கப் போன அன்று. அதற்கப்புறம் பென்ஷனுக்குக்கூட அந்தப் பக்கம் போக மாட்டேன் என்றுவிட்டது. அவன் இப்போது பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருக்கிறான், மாதம் மூவாயிரம் கட்டுகிறான். அதே கல்லூரியில் அவனோடு படித்து வேலை கிடைக்காத இன்னொருத்தன் அப்பாவின் அரிசி மில்லைப் பார்த்துக்கொள்கிறான். ரெண்டு பேருக்கும் மார்க் ஒன்று, கட்டணம் ஒன்று. இவன் விழுந்தது பாறையில், அவன் விழுந்தது வைக்கோல் போரில். ஒரே கடனை ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணால் எழுதுகிறோம்.

இதுவரை வந்த பிறகு நான் அக்காவிடம் தீர்ப்பு மாதிரி ஒன்று சொன்னேன். மேனேஜ்மெண்ட் சீட் வேண்டாம். கவுன்சிலிங்கில் போகட்டும், மெக்கானிக்கலோ புரொடக்‌ஷனோ கிடைப்பதை எடுக்கட்டும், உதவித்தொகை வரும், கடன் ஒன்றரை லட்சத்தோடு முடியும். இண்டஸ்ட்ரியல் மேலேதான் ஆசை என்றால் அப்புறம் கிண்டியில் எம்.இ. படிக்கலாம். புத்திசாலித்தனமான யோசனை என்று எனக்கே ஒரு திருப்தி.

அக்கா மகன் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான். "நீ தமிழ் படிச்சப்ப யாரு மாமா கணக்குப் போட்டாங்க? உனக்குப் புடிச்சத நீ படிச்ச. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு கெடைக்கிறத எடுன்ற?"

பதில் சொல்ல முடியவில்லை. நான் படித்தது அரசுக் கலைக் கல்லூரி, வருஷத்துக்குச் சில நூறு ரூபாய். யாரும் கணக்குப் போடவில்லை, போட அவசியமில்லாமல் இருந்தது. எனக்குப் பிடித்ததைப் படிக்க விட்டது என் தைரியமல்ல, அந்தக் கட்டணம். இருபது வருஷத்துக்குள் எங்கள் பிள்ளை ஒன்றை ஆசைப்படுவதற்கு எட்டரை லட்சம் விலை என்று ஆகியிருக்கிறது. அந்த விலையைப் பார்த்து, ஆசையைக் குறைத்துக்கொள் என்று சொல்கிற வேலையை ஏஜெண்ட்டும் செய்யவில்லை, பேங்க்காரரும் செய்யவில்லை. நான் செய்திருக்கிறேன்.

ஏன்டா உனக்கு இந்தப் படிப்பு மேலே இவ்வளவு பிடிப்பு என்று கேட்டேன். "அக்கா கம்பெனியில ஐ.இ.ன்னு ஒருத்தர் வருவாராம், அவர் சொன்னா மேனேஜரே மறுபேச்சு பேச மாட்டாராம்" என்றான்.

அவன் அக்கா, அக்காவின் மூத்த பெண், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். 2022இல் பன்னிரண்டாவது முடித்தாள், 600க்கு 471. தம்பியைவிட அதிகம். அந்த வருஷம் மச்சான் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து கிடந்ததால் திருப்பூருக்கு அனுப்பினோம். அனுப்பினோம் என்றுதான் எழுதணும், போனாள் என்று எழுதினால் பொய். கைமடியாகச் சேர்ந்து இப்போது ஓவர்லாக் ஓட்டுகிறாள்.

அவள் ஆடியில் கூழ் ஊத்துவதற்கு ஊருக்கு வருவதற்குள் நான் இந்தப் படிப்பைப் பற்றிக் கிடைத்ததைப் படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் டெய்லர் என்பவர் 1899இல் பெத்லஹேம் இரும்பாலையில் இரும்புப் பாளம் தூக்குகிற கூலிகளுக்குக் கடிகாரம் பிடித்தார். ஒரு ஆள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தான். கடிகாரத்தை வைத்து, எப்போது தூக்கு, எப்போது உட்கார் என்று சொல்லி நாற்பத்தேழரை டன் ஏற்ற வைத்தார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. சுமை ஏறக்குறைய நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். இந்த வேலைக்கு மாட்டுப் புத்தி உள்ளவன்தான் லாயக்கு என்கிற பொருளில் 1911இல் புத்தகமும் எழுதினார். படித்தபோது எனக்கு ஆயா சொன்ன ரெண்டு மரக்கால் ஞாபகம் வந்தது.

இந்த அளவை இன்றைக்கு எப்படி நடக்கிறது என்பதை அக்கா பெண்தான் விளக்கினாள். பின்னால் வந்து நிற்பார்களாம், கையில் ஸ்டாப் வாட்ச், இப்போது செல்போன். ஒரு கை ஏற்ற எத்தனை விநாடி என்று பத்து தடவை குறிப்பார்கள். அதோடு முடியாது. இவள் வேகமாகச் செய்கிறாளா மெதுவாகச் செய்கிறாளா என்று பார்க்கிற ஆள் கண்ணால் பார்த்தே ஒரு மார்க் போட வேண்டும். சரியான வேகம் என்றால் நூறு, சோம்பல் என்று தோன்றினால் எண்பது. அதைக் கடிகார நேரத்தோடு பெருக்கி, களைப்புக்கும் சொந்தத் தேவைக்கும் கொஞ்சம் கூட்டி, ஒரு பீஸுக்கு இத்தனை நிமிஷம் என்று எழுதுகிறார்கள். அரை நிமிஷம் என்று எழுதினால் மணிக்கு 120 பீஸ் டார்கெட். 0.45 என்று எழுதினால் 133. பேனா அசைகிற அந்தக் கொஞ்சத்தில் மணிக்கு 13 பீஸ். சர்வதேச தொழிலாளர் அமைப்பு இதற்கென்று போட்ட பாடப்புத்தகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. சொந்தத் தேவைக்கு ஆணுக்கு 5 சதவீதம், பெண்ணுக்கு 7. அடிப்படைக் களைப்புக்கு 4. ஏழு சதவீதம் என்றால் எட்டு மணி நேரத்தில் அரை மணி, தண்ணீர் குடிக்க, ஒதுங்க எல்லாம் சேர்த்து. "அரை மணியா? யாருக்கு?" என்று அவள் கேட்டாள்.

இப்போது எனக்கு அந்த நோட்டு வேறு மாதிரித் தெரிந்தது. படிப்புக்கு வருஷம் ஒன்றரை லட்சம், பேங்க் கொடுப்பது ஒரு லட்சம், மீதி 50,000? அது அவள் மாதாமாதம் அனுப்புவது. நாலு வருஷத்தில் ரெண்டு லட்சம். அக்காவும் நானும் ஒரு மாதமாக உட்கார்ந்து போட்ட கணக்கில் அந்த ரெண்டு லட்சம் எந்தப் பத்தியிலும் இல்லை. கடன் என்றால் பேங்க் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறேன். ஆண்டை வீட்டு நோட்டில் தாத்தாவின் உழைப்பு ஏறவில்லை என்று பத்து வருஷமாக மேடையில் பேசுகிறவன், என் கையால் எழுதிய நோட்டில் அக்கா பெண்ணின் உழைப்பை ஏற்றவில்லை. அவள் காசில் படித்து, அவளைப் போன்றவர்களுக்குப் பின்னால் வாட்சோடு நின்று, அதில் வருகிற சம்பளத்தில் பேங்க் கடனை அடைப்பான். இதில் வரவு எது, செலவு எது?

இதை அவனிடம் சொன்னேன், கொஞ்சம் காட்டமாகவே. அவன் அசரவில்லை. அவனும் படித்துப் பார்த்திருக்கிறான். கில்பிரெத் என்று ஒருத்தர், அதே அமெரிக்காக்காரர், செங்கல் அடுக்குகிற கொத்தனாராக வேலையை ஆரம்பித்தவர். ஒவ்வொரு கல்லுக்கும் கொத்தனார் தரை வரை குனிந்து நிமிர்வதைப் பார்த்து, கல்லை இடுப்பு உயரத்தில் சாரத்தில் வைக்கச் செய்தார். ஒரு கல்லுக்குப் பதினெட்டு அசைவாக இருந்ததை ஐந்தாக்கினார். "குனியாம வேலை செய்ய வழி கண்டுபுடிச்சதும் இந்தப் படிப்புதான் மாமா. நம்ம ஆளு ஒருத்தன் அங்க இருந்தா எண்பது போடற எடத்துல நூறு போடுவான்ல?" என்றான்.

போடுவானா? தெரியாது. முதல் வருஷம் போடலாம். கல்யாணம் ஆகி, தவணை நிலுவையில் நின்று, மேனேஜர் முறைத்தால் என்ன போடுவான்? கடன்பட்டவன் கையில் வாட்சைக் கொடுப்பது மேனேஜருக்கு வசதியான விஷயம், எதிர்த்துப் பேச மாட்டான். அந்த 7,136 ரூபாய் அவன் வாயைப் பத்து வருஷத்துக்குக் கட்டிவைக்கும். ஆனால், குனிகிறவனின் முதுகு வலி தெரிந்தவன்தான் கல்லை மேலே ஏற்றி வைத்தான் என்பதும் நடந்ததுதானே. மலக்குழிக்குள் மனிதன் இறங்குகிற வேலையை எத்தனை அசைவு என்று எந்தப் பொறியியலாளராவது இத்தனை காலத்தில் எண்ணியிருக்கிறாரா? அங்கே மிச்சப்படுத்த வேண்டியது நேரமல்ல, உயிர். அதனால் எண்ணவில்லை. நம் பிள்ளை போனால் எண்ணுவான் என்று நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆசைக்கு வட்டி கட்டப் போவது யார் என்பதில்தான் எனக்கு இடிக்கிறது.

நாங்கள் ரெண்டு பேரும் சண்டை போடுவதை, கூழுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே அக்கா பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவன் எங்க லைனுக்கு வந்தா இன்னா, வராட்டி இன்னா மாமா? எவனோ ஒருத்தன் வாட்ச்ச புடிச்சினு நிக்கத்தான் போறான். அவனுக்குப் புடிச்சத படிக்கட்டும். நான் குடுக்குற துட்ட மட்டும் நோட்ல எழுது. பேங்குக்கு மேல எம்பேரு இருக்கணும். வேல கெடச்சா மொதல் தவண எனக்கு."

"வட்டி?" என்றான் தம்பி, கிண்டலாக.

"வட்டிக்கு நீ என்ன டிகிரி சேத்து உடணும். திறந்தநிலைல தமிழ் எடுக்கறேன், மாமா மாதிரி."

அக்கா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். புதுப் பக்கத்தில் முதல் வரியில் பெண்ணின் பெயரை எழுதி, எதிரில் 2,00,000 என்று எழுதினேன். 2022லிருந்து அவள் வீட்டுக்கு அனுப்பியதையும் சேர்க்கணுமா என்று கேட்டேன். "அத எப்படிக் கணக்கு வைப்ப?" என்றாள். ரெண்டாவது வரியில் பேங்க்.

அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள், இண்டஸ்ட்ரியல்தான். நான் இன்னும் கவுன்சிலிங்தான் சரி என்கிறேன், என் பேச்சு எடுபடவில்லை. செவ்வாய்க்கிழமை பேங்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வருமானச் சான்று தாலுகா ஆபீசில் நிற்கிறது, நாளைக்கு அதற்கு ஒரு நடை போகணும்.